வகுப்பா, வீடா, வைத்தியசாலையா: பாடசாலைத் தாதியின் முதல் வருடம்

தாதியர் பயிற்சியை முடித்து, இலங்கை தாதியர் சபையில் பதிவும் எடுத்து, கொழும்பில் ஒரு பாடசாலையின் சிக் ரூமில் முதன்முதலாக வந்து உட்காருகிறவருக்கு இடம் சின்னதாகவும் வேலை இலேசாகவும் தெரியும். இரண்டு கட்டில், ஒரு மேசை, கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி, நிறை பார்க்கும் தராசு, சுவரில் ஒரு மணிக்கூடு. வார்ட்டில் இரவுக் கடமை பார்த்தவருக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். வார்ட்டில் படுத்திருப்பவர்கள் எல்லோரையும் ஒரு டொக்டர் பார்த்து, அனுமதித்து, மருந்து எழுதியிருப்பார். சிக் ரூம் வாசலில் நிற்கும் பிள்ளையை உங்களுக்கு முன் யாரும் பார்க்கவில்லை. கேட்டுப் பழக மூத்த சிஸ்டரும் இல்லை. அரச பாடசாலைகளில் பெரும்பாலும் நிரந்தரத் தாதியே கிடையாது. தனியார், சர்வதேசப் பாடசாலைகளில் இருப்பவர்களும் பாடசாலைக்கு ஒருவர் என்றே இருக்கிறார்கள்.

இந்த வேலையின் நடுப்பகுதி ஒரு தீர்மானம். இந்தப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பலாமா, வீட்டுக்குப் போகவேண்டுமா, வைத்தியசாலைக்குப் போகவேண்டுமா? ஒரு நாளில் பல தடவை இதைத் தீர்மானிக்க வேண்டும். பிளாஸ்டர் ஒட்டுவது, காயம் கழுவுவது, பனடோல் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடங்கும் சின்ன வேலைகள். புதியவர்கள் முதல் வருடத்தில் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்தத் தீர்மானத்தில்தான். ஒன்று, பயத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அல்லது வகுப்பாசிரியரின் முகத்தைப் பார்த்து எல்லோரையும் வகுப்புக்கு அனுப்புவார்கள்.

தீர்மானம் வாசலிலேயே தொடங்குகிறது. பிள்ளை தானாக நடந்து வந்ததா, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்களா? உதடு என்ன நிறம்? கேட்ட கேள்விக்கு முழு வசனத்தில் பதில் வருகிறதா? கொழும்புப் பாடசாலை ஒன்றில் யாழ்ப்பாணப் பிள்ளை, மலையகப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். வருத்தத்தைச் சொல்லும் விதம் வீட்டுக்கு வீடு மாறும். "எங்க எண்டு ஒரு விரலால தொட்டுக் காட்டுங்கோ" என்று கேட்பது நல்ல பழக்கம். வயிற்றுக்குத்து என்று வந்த பிள்ளை தொப்புளைத் தொட்டால் ஒரு யோசனை, வலது பக்க அடிவயிற்றைத் தொட்டால் வேறு யோசனை, நெஞ்சைத் தொட்டால் இன்னொரு யோசனை. பிறகு வெப்பநிலை, நாடி, மூச்சு எண்ணிக்கை. மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும், எண்ணுவது பிள்ளைக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். மைதானத்தில் ஓடிவிட்டு வந்த பிள்ளையைப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்த பிறகே வெப்பநிலை பார்ப்பது பிரயோசனம். ஏசி வகுப்பிலிருந்து வந்த பிள்ளையின் குளிர்ந்த விரலில் ஒட்சிசன் கருவி தவறான எண்ணைக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் காய்ச்சல் என்றாலே மனம் டெங்கு பக்கம் போக வேண்டும். தென்மேல் பருவமழை தொடங்கிய பின் ஜூன், ஜூலையிலும், ஆண்டின் முடிவில் நவம்பர் முதல் ஜனவரி வரையும் நோயாளர் தொகை ஏறும். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவாகினர். காலை பத்து, பதினொரு மணிக்குக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் காலையிலும் காய்ச்சலோடுதான் இருந்தவர்கள். தாய் ஆறு மணிக்குப் பனடோல் கொடுத்திருப்பார், ஏழரைக்கு உடம்பு குளிர்ந்திருக்கும், நாலைந்து மணித்தியாலத்தில் மருந்தின் வேகம் குறைந்து காய்ச்சல் திரும்பும். வேலைக்குப் போகும் தாய்க்கு லீவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே போனில் "காய்ச்சலோட ஏன் அனுப்பினீங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை உண்மை வராது. "காலையில என்ன மருந்து குடுத்தீங்க அம்மா, எத்தனை மணிக்கு?" இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். அது தெரியாமல் இன்னொரு தடவை பனடோல் கொடுத்தால் அளவு கூடிவிடும்.

பராசிற்றமோல் அளவு வயதைப் பார்த்துக் கொடுப்பதல்ல, நிறையைப் பார்த்துக் கொடுப்பது. ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு தடவைக்கு இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம், ஆறு என்றால் நல்லது. 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. 20 கிலோ பிள்ளைக்கு உச்ச அளவு 300 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் அது 12.5 மில்லிலீற்றர். அதே பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்றை முழுதாகக் கொடுத்தால் கிலோவுக்கு 25 மில்லிகிராம் போய்விடும். அரைக் குளிசை போதும். தவணைத் தொடக்கத்தில் எல்லோரையும் நிறை பார்த்துப் பட்டியல் ஒட்டி வைத்தால் அவசரத்தில் கணக்குப் போடத் தேவையில்லை. இபுபுறொபன், டைக்குளோபினாக், அஸ்பிரின், மெபனமிக் அசிட் எதுவும் காய்ச்சல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கு ஆபத்தாகிவிடும். மாதவிடாய் வலிக்கு மெபனமிக் அசிட் குடித்துப் பழகிய பிள்ளைகள் புத்தகப் பையில் வைத்திருப்பார்கள். வலியோடு காய்ச்சலும் இருக்கும் மாணவியிடம் அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். டெங்குக் காலத்தில் மாதவிடாய் வழமையை விட அதிகமாகப் போவதும் ஓர் எச்சரிக்கை.

காய்ச்சல் அடிக்கும் பிள்ளையை யாரும் தவறவிடுவதில்லை. தவறிப்போவது காய்ச்சல் விட்ட பிள்ளை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம். வீட்டில் "காய்ச்சல் விட்டிட்டுது" என்று நான்காம், ஐந்தாம் நாள் பாடசாலைக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை சோர்ந்து, மேசையில் தலை வைத்துப் படுத்திருக்கும். வெப்பமானி 36.8 காட்டும். கையைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விட்டால் இரத்தம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் எடுக்கும். வயிற்று வலி, திரும்பத் திரும்பச் சத்தி, காலையிலிருந்து சலம் போகவில்லை என்ற பதில், முரசில் இரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிள்ளை வகுப்புக்கும் இல்லை, வீட்டுக்கும் இல்லை, நேரே வைத்தியசாலைக்கு. இதனால்தான் மூன்று நாள் வராமல் திரும்பும் எந்தப் பிள்ளையும் முதலில் சிக் ரூமுக்கு வந்துவிட்டு வகுப்புக்குப் போகவேண்டும் என்று அதிபரிடம் சொல்லி ஒழுங்கு செய்வது நல்லது. "மூன்றாம் நாள் இரத்தம் பார்த்தீங்களா, பிளேட்லெட் எவ்வளவு?" என்ற இரண்டு கேள்வி. அரை நிமிட வேலை.

அடுத்தது இழுப்பு, அதாவது ஆஸ்துமா. நுளம்புக்குப் புகை விசிறும் நாள், வகுப்பறைக்குப் பெயின்ட் அடிக்கும் வாரம், சிரமதானத்தில் பழைய அலுமாரிகளைத் தூசு தட்டும் வெள்ளிக்கிழமை, இந்த நாட்களில் இழுப்புக்காரப் பிள்ளைகள் வருவார்கள். புகை விசிறப் போகிறார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தால் அந்தப் பிள்ளைகளை வேறு கட்டிடத்துக்கு மாற்றச் சொல்லிவிடலாம்.

இழுப்பைத் தணிக்கும் நீல இன்ஹேலரும் அதில் பொருத்தும் பிளாஸ்ரிக் குழாயான ஸ்பேஸரும் எல்லோரும் பார்த்த சாமான்கள், ஆனால் சரியாகப் பாவிப்பவர்கள் குறைவு. பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து, சற்று முன்னால் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். டையையும் மேல் பொத்தானையும் தளர்த்துங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள்; பையில் கிடந்ததில் பென்சில் தூளும் டொபித் தாளும் இருக்கும். பல வாரம் பாவிக்காததென்றால் முதல் இரண்டு அழுத்தத்தைக் காற்றில் விட வேண்டும். ஸ்பேஸரில் பொருத்தி, உதட்டால் வாய்த்துண்டை முழுதாக மூடச் செய்து, ஒரு அழுத்தம். ஐந்து மூச்சு, மெதுவாக, வால்வு அசைவதைப் பார்த்து எண்ணுங்கள். வால்வு அசையவில்லை என்றால் பிள்ளை மூக்கால் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த அழுத்தம். தேவைக்கேற்ப நான்கு முதல் பத்து வரை. அவசரத்தில் இரண்டு மூன்றை ஒன்றாக அழுத்திவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் படிந்து, நுரையீரலுக்குப் போவது குறைந்துவிடும். பிளாஸ்ரிக் ஸ்பேஸரைத் துணியால் துடைத்துக் காய வைத்தால் நிலைமின் ஏறி மருந்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும். எண்காட்டி இல்லாத இன்ஹேலரில் மருந்து முடிந்த பிறகும் வாயு வந்துகொண்டிருக்கும். குலுக்கினாலும் சத்தம் கேட்கும். 200 அழுத்தம் என்றால் தொடங்கிய திகதியையும் பாவித்த கணக்கையும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பத்து அழுத்தத்துக்கும் அடங்காவிட்டால், பேசும்போது வசனம் பாதியில் நின்றால், விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே இழுத்தால், ஒட்சிசன் 92க்குக் கீழ் போனால் 1990 அம்புலன்ஸை அழைத்துவிட்டு மருந்தைத் தொடருங்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று பிள்ளையும் களைத்துப்போனால் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. காற்றுப் போகவே வழியில்லாமல் போகும்போதும் சத்தம் நிற்கும். இழுப்பு வந்த பிள்ளையைத் தனியாகவோ கூட்டாளியோடோ மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்கி வரச் சொல்வதை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். பையோடு நீங்கள் மேலே போகவேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் சொல்லவேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன்.

ஒவ்வாமை அதிகம் வராது, வந்தால் நிமிடக் கணக்கு. இறால், கணவாய், கச்சான், பசுப்பால், குளவிக் கடி. வகுப்பில் பிறந்தநாள் கேக் பகிரும் நாட்களில் கவனம் வேண்டும். உணவுக்குப் பின் உடம்பில் தடிப்பு மட்டும் என்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம். தடிப்போடு குரல் கம்மினால், இழுப்பு வந்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், தலை சுற்றி விழப் பார்த்தால் அட்ரினலின். தானாக ஊசியேற்றும் பேனா நம் நாட்டில் இலகுவாகக் கிடைப்பதில்லை, அம்பியூலும் சிறிஞ்சும்தான். 1:1000 அட்ரினலினில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிலீற்றர், 25 கிலோ பிள்ளைக்கு 0.25. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சும் நீளமான ஊசியும் அம்பியூலோடு ஒரே பெட்டியில் கட்டி இருக்க வேண்டும். இன்சுலின் சிறிஞ்சை எடுத்தால் அதிலுள்ள எண்கள் மில்லிலீற்றர் அல்ல, ஊசியும் தசையை எட்டாது. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுக் கஷ்டம் என்றால் உட்கார வைக்கலாம், ஆனால் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொரு தடவை. பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. அது தடிப்பைக் குறைக்கும், தொண்டை வீக்கத்தை நிறுத்தாது. பிள்ளை தேறினாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும், சில மணித்தியாலத்தில் ஒவ்வாமை திரும்பி வரலாம்.

இந்த மருந்து எதையும் தாதி தன் பொறுப்பில் வைத்திருக்க முடியாது. பாடசாலையின் டொக்டர் எழுதி ஒப்பமிட்ட நிலையான பணிப்புரை வேண்டும்: எந்த அறிகுறிக்கு, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை தடவை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்க வேண்டியது இந்தக் கடதாசியைத்தான். இல்லை என்றால், எழுதித் தரும்வரை விடாமல் கேளுங்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து தடுப்பூசிக்கு வரும் நாளில் ஒவ்வாமையையும் சாதாரண மயக்கத்தையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். தரம் 6 மாணவிகளுக்கு 2017 முதல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு; தரம் 7இல் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி. ஊசி போட்டு இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை வெளிறி, வியர்த்து, சரிந்தால், நாடி மெதுவாக இருந்தால், அது பயத்தால் வந்த மயக்கம். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் நிமிடத்தில் சரி. நாடி வேகமாக, தோலில் தடிப்போடு, மூச்சும் சிரமமாக இருந்தால் மற்றது. ஒரு பிள்ளை விழுந்ததைப் பார்த்தால் வரிசையில் நிற்பவர்களில் நாலைந்து பேரும் விழுவார்கள். அதனால் ஊசி போடும் இடம் வரிசைக்குத் தெரியக்கூடாது, எல்லோரும் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும், போட்ட பிறகு இருபது நிமிடம் கண் முன்னால் உட்கார வேண்டும்.

காலைச் சாப்பாடு வருடம் முழுக்க வரும் பிரச்சினை. தெஹிவளைக்கு அப்பாலிருந்தும் வத்தளையிலிருந்தும் வானில் வரும் பிள்ளைகள் ஐந்து மணிக்கே எழுந்து, ஒரு கப் பாலோடு ஏறிவிடுவார்கள். காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று விழுபவர்களில் பெரும்பாலானோர் இவர்கள். கால் உயர்த்திப் படுக்க வைத்து, முழு நினைவு வந்த பிறகு சீனித் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தால் இருபது நிமிடத்தில் வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஓடும்போதோ விளையாட்டுப் போட்டிப் பயிற்சியின் நடுவிலோ விழுந்த பிள்ளை இந்த வகையில் சேராது. ஓட்டத்தின் நடுவில் மயங்கிய பிள்ளைக்கு இதயப் பரிசோதனை முடியும்வரை மைதானம் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஹவுஸ் மாஸ்டருக்குக் கோபம் வரட்டும்.

இன்சுலின் போடும் பிள்ளை உங்கள் பாடசாலையில் இருந்தால் விளையாட்டுப் பாடத்துக்கு முன் இரத்தச் சீனி பார்ப்பது உங்கள் வேலை. 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். கன்டீன் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் பிடிக்கும் பக்கத்தில் வைத்து உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்கவே முடியாது.

இவ்வளவும் தெரிந்த வருத்தங்கள். தெரியாத வருத்தம்தான் பெரிய சுமை. தவணைத் தொடக்கத்தில் வீட்டுக்கு அனுப்பும் மருத்துவப் படிவத்தில் "வலிப்பு உண்டா?" என்ற இடத்தில் பெரும்பாலும் "இல்லை" என்று வரும். நம் சமூகத்தில், அதுவும் பெண் பிள்ளை என்றால், வலிப்பு என்ற ஒன்றை வெளியில் விடமாட்டார்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்துவிடும் என்ற பயம். அந்தத் தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வியை மாற்ற வேண்டும். "பிள்ளை தினமும் ஏதாவது மருந்து குடிக்கிறாவா? எந்த கிளினிக்குக்குப் போறீங்க?" என்று படிவத்தில் இல்லாமல், பெற்றோர் சந்திப்பு நாளில் தனியாக, கதவைச் சாத்தி, உட்கார வைத்துக் கேட்டால் பலர் சொல்வார்கள். சொன்னது யாருக்குப் போகும் என்பதையும் அப்போதே அவரோடு பேசித் தீர்க்க வேண்டும்: வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர், நீச்சல் பயிற்றுநர், இந்த மூவருக்கு மட்டும். ஆசிரியர் அறை முழுவதும் தெரிந்துவிட்டால் அடுத்த தாய் வாய் திறக்கமாட்டார்.

வலிப்பு வந்தால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் திறப்பைக் கையில் திணிக்கவும் கரண்டியை வாயில் வைக்கவும் ஓடி வருவார்கள். தடுத்து நிறுத்த வேண்டும். தலைக்குக் கீழ் பையோ துணியோ வைத்து, மேசை கதிரைகளை நகர்த்தி, வலிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது ஒன்று முடிந்து நினைவு வருமுன் இன்னொன்று வந்தால் 1990. எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதி வைத்தால் டொக்டருக்கு அது பொன். விழாத வலிப்பும் ஒன்று இருக்கிறது. "அந்தப் பிள்ளை பாடத்தில கனவு காணுறா" என்று ஆசிரியர் சொன்னால், பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாரா, ஒரு நாளில் எத்தனை தடவை என்று கவனிக்கச் சொல்லுங்கள். அடி வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு மருந்து கிடைக்க அது வழிசெய்யும்.

அடிபடுவதில் பெரும்பாலானவை கழுவிக் கட்டினால் போதும். ஓடும் தண்ணீரும் சேலைனும் தாராளமாக. திறந்த காயத்தில் டெட்டோல் வேண்டாம், பஞ்சும் வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நிரந்தரப் பல் முழுதாக விழுந்தால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், முடிந்தால் உடனே குழியில் திருப்பி வைக்கலாம். இல்லாவிட்டால் பாலில் போட்டு வோர்ட் பிளேசில் உள்ள பல் வைத்தியசாலைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோக வேண்டும். கன்டீனில் பால் பைக்கற் எப்போதும் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பால் பல் என்றால் திருப்பி வைக்கக் கூடாது.

தலையடி வேறு. ஒரு தடவைக்கு மேல் சத்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, குழப்பமான பேச்சு, நினைவு தவறியது, காதாலோ மூக்காலோ தெளிந்த நீர்: வைத்தியசாலை. எதுவும் இல்லாவிட்டாலும் தலையில் பலமாக அடிபட்ட பிள்ளையைப் பாடசாலை வானில் ஏற்றக் கூடாது. ஒன்றரை மணி வெயிலில் காலி வீதி நெரிசலில் எல்லாப் பிள்ளையும் தூங்கும். இந்தப் பிள்ளை தூங்குவது களைப்பிலா, மூளைக்குள் இரத்தம் கசிந்தா என்று வான் சாரதிக்கு எப்படித் தெரியும்? பெற்றோர் வந்து கூட்டிப்போக வேண்டும், கையில் எச்சரிக்கை அறிகுறிகள் எழுதிய தாளோடு. மாலையில் ஒரு போன் எடுத்துக் கேட்பதும் வேலையில் சேர்ந்தது.

போனில் முதல் வசனம் முக்கியம். "பாடசாலையில இருந்து நேர்ஸ் கதைக்கிறன்" என்று தொடங்கி நிறுத்தினால் தாய்க்கு நெஞ்சு அடைத்துவிடும். "அம்மா, பிள்ளை என்னோட இருக்கிறா, கதைச்சுக்கொண்டு இருக்கிறா. விளையாடேக்க விழுந்து நெத்தியில அடிபட்டிருக்கு. நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போகவேணும், எவ்வளவு நேரத்தில வரலாம்?" இந்த ஒழுங்கில்: பிள்ளை எப்படி இருக்கிறா, என்ன நடந்தது, அவர் என்ன செய்ய வேண்டும். தகப்பன் வெளிநாட்டில், தாய் கோட்டையில் வேலை, வீட்டில் அம்மம்மா மட்டும் என்ற குடும்பங்கள் இங்கே நிறைய. அதனால் மூன்று பேரின் போன் இலக்கம் வேண்டும். தவணைத் தொடக்கத்தில் வருத்தக்காரப் பிள்ளைகளின் இலக்கங்களுக்கு ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். சிம் மாற்றியவர்கள் பலர் இருப்பார்கள். யார் கூட்டிப்போகலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும், பிரிந்து வாழும் பெற்றோர் விஷயத்தில் கட்டாயமாக.

1990 சுவசெரிய இலவசம், தமிழிலும் பேசலாம். 2016இல் தொடங்கிய சேவை. அழைக்கும்போது வீதிப் பெயரை விட எந்த வாசல் என்பது முக்கியம். காலி வீதிப் பெரிய கேட் பூட்டி, பக்க ஒழுங்கைக் கேட்டுக்குத்தான் அம்புலன்ஸ் வரமுடியும் என்றால் அதைச் சொல்லி, காவலாளியை அங்கே நிறுத்த வேண்டும். பாடசாலை விடும் நேரமென்றால் வான்களை ஒதுக்க ஒருவர் வேண்டும். கூடப் போகிறவர் கையில் ஒரு தாள்: பெயர், வயது, நிறை, ஒவ்வாமை, வழமையான மருந்து, நடந்த நேரம், கொடுத்த மருந்தும் நேரமும். பெரும்பாலும் பொறளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போவார்கள்; பெரிய மாணவர்கள் தேசிய வைத்தியசாலைக்கு. எங்கே போகிறார்கள் என்று கேட்ட பிறகே தாய்க்கு அடுத்த போன்.

பதிவேட்டைப் பலர் கடமைக்கு எழுதுகிறார்கள். நேரம், பெயர், வகுப்பு, பிள்ளை சொன்னது, நீங்கள் கண்டது, செய்தது, எங்கே அனுப்பினீர்கள். "வயிற்றுவலி, ஓய்வு" என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. எந்தப் பாடத்தின் நடுவில் வந்தது என்று ஒரு நிரல் சேர்த்துப் பாருங்கள். தரம் 5 புலமைப்பரிசில் நெருங்கும்போது தலையிடியும் வயிற்றுக்குத்தும் கூடும். மாதிரிப் பரீட்சை நாளில் வந்து, இடைவேளையில் சுகமாகிவிடும். அது பொய் வலி அல்ல, உண்மையில் வலிக்கும். பயத்தில் குடல் இறுகும். பத்து நிமிடம் உட்கார வைத்து, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, வகுப்புக்குத் திருப்பி அனுப்பி, வகுப்பாசிரியரிடமும் பெற்றோரிடமும் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அனுப்பினால் வலி வேரூன்றிவிடும். தலையிடி திரும்பத் திரும்ப வந்தால் ஆறு மீற்றர் தூரத்தில் பார்வை அட்டையைக் காட்டிப் பாருங்கள், ஒரு கண்ணை விரலால் அல்ல, உள்ளங்கையால் மூடி. விரலிடுக்கால் பார்த்துவிடுவார்கள்.

அதே நிரல் வேறொன்றையும் காட்டும். ஒவ்வொரு வெள்ளியும் பாடசாலை விடும் நேரத்தில் வயிற்றுவலி வந்து வீட்டுக்குப் போக விரும்பாத பிள்ளை. விழுந்தால் முழங்காலிலும் முழங்கையிலும் அடிபடும். முதுகிலும் தொடையின் பின்னாலும் கோடு கோடாகத் தழும்பு இருந்தால் அது விழுந்ததல்ல. பிள்ளை பேசத் தொடங்கினால் "யாரிட்டயும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. "மாமா அடிச்சாரா?" என்று கேட்காமல் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டு, பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, திகதியும் நேரமும் போட்டு ஒப்பமிடுங்கள். அன்றே அதிபருக்கு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பாடசாலையின் பெயர் கெடும் என்று யாராவது தடுத்தாலும் அந்த இலக்கம் உங்களுக்கும் திறந்தே இருக்கிறது. மேல் வகுப்புப் பிள்ளை வெயிலிலும் நீளக்கை ஸ்வெட்டர் போட்டு வந்தால் கையைப் பாருங்கள், பதறாமல். மனநல உதவிக்கு 1926.

ஆசிரியர்கள் பிரஷர் பார்க்கவும் தலையிடிக் குளிசை கேட்கவும் வருவார்கள். மரியாதையாகப் பார்த்துக் கொடுங்கள், இடைவேளை தவிர்ந்த நேரத்தில்; இடைவேளை பிள்ளைகளுடையது. கட்டில்களில் அவர்களைப் படுக்க விடாதீர்கள்.

நீங்கள் லீவு எடுக்கும் நாளுக்கான ஏற்பாட்டை முதல் தவணைக்குள் முடிக்க வேண்டும். மாடிக்கு இரண்டு ஆசிரியர்களுக்கு ஸ்பேஸர், வலிப்பு, மூச்சுத் திணறல் மூன்றும் கையால் செய்துபார்த்துப் பழக்குங்கள்; பேசிக் காட்டினால் நினைவில் நிற்காது. வருத்தக்காரப் பிள்ளைகளின் படம், வகுப்பு, நிறை, மருந்து, போன் இலக்கம் அடங்கிய தாள் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி. மாத முதல் நாள் காலாவதித் திகதி பார்க்க வேண்டும். அட்ரினலின் பழுப்பு நிறமாகியிருந்தால் திகதி இருந்தாலும் எறிய வேண்டும். மற்ற மருந்து அலுமாரியைப் பூட்டி ஒரு திறப்பை அலுவலகத்தில் கொடுங்கள். இன்ஹேலர், அட்ரினலின், குளுக்கோஸ் உள்ள அவசரப் பெட்டிக்குப் பூட்டே போடக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த இடத்தில், வெயில் படாமல் இருந்தால் போதும்.